யார் பையிலிருந்து?

லண்டனில் உள்ள ராயல் வானியல் கழகம் 1827 முதல் நடத்திவரும் ஆய்விதழை வானியலாளர்கள் சுருக்கமாக ‘மந்த்லி நோட்டீசஸ்’ என்பார்கள். வெண்குறு விண்மீன்கள் பற்றி இளம் வானியற்பியலாளர் சந்திரசேகர் எழுதிய கட்டுரைகளில் சில அதில்தான் வந்தன. பொதுவாக அந்த இதழில் எழுதுகிறவர் பணம் கட்ட வேண்டியிருந்ததில்லை. வாங்கிப் படிக்கும் நூலகம் சந்தா கட்டியது. அட்லாண்டிக்கின் மறுகரையில் வழக்கம் வேறு. அமெரிக்காவின் ‘அஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதுகிறவரிடமே வசூலித்துவந்தது. 1952 முதல் 1971 வரை அதன் ஆசிரியராக இருந்தவரும் அதே சந்திரசேகர்தான். பக்கக் கட்டணத்துக்கு வழியில்லாத நாடுகளின் வானியலாளர்கள் லண்டன் பக்கம் திரும்புவது இயல்பாக இருந்தது.

2024 ஜனவரியில் அந்த வசதி முடிந்தது. ‘மந்த்லி நோட்டீசஸ்’ முழுமையான திறந்த அணுக்க இதழாயிற்று. உலகில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். எழுதுகிறவர் கட்டுரைக்கு 2,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். பதிப்பகத்தோடு மொத்த ஒப்பந்தம் போட்டிருந்த பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களுக்கு இது உறைக்கவே இல்லை. அப்படி ஒப்பந்தம் இல்லாதவர்கள் வேறு இடம் தேடினார்கள். அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகத்திலிருந்து பீட்டர் கோல்ஸ் என்ற அண்டவியலாளர் நடத்தும் ‘ஓப்பன் ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோபிசிக்ஸ்’ ஆண்டுக்கு இருபதை எட்டாத கட்டுரைகளோடு ஓடிக்கொண்டிருந்த சிற்றிதழ். 2023இல் 50 கட்டுரைகள் வெளியிட்டது, 2024இல் 120. கட்டுரை ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்திலேயே கிடக்கும். இதழ் செய்வது மதிப்பாய்வும் அங்கீகாரமும் மட்டும். எழுதுகிறவருக்கும் செலவில்லை, படிக்கிறவருக்கும் இல்லை. இந்த வளர்ச்சி முழுவதும் கட்டணத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் விலைச்சீட்டு ஒட்டியதும் ஒரு துறையின் கால்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

குறைவு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மற்ற துறைகளில் கட்டணம் கூடியபோது ஆய்வாளர்கள் இப்படி நகரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், ‘கட்டணம் ஆய்வாளரின் தேர்வை எப்படிப் பாதிக்கிறது’ என்ற கேள்வியே பாதிக் கேள்விதான் என்று படும். அந்தக் கட்டணம் யார் பையிலிருந்து போகிறது என்பது மீதிப் பாதி.

2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கத்துக்கு இரண்டு வழிகள் சொன்னது. ஆய்வாளர் தன் கட்டுரையைத் தானே ஒரு களஞ்சியத்தில் போட்டுவைப்பது ஒன்று; சந்தா கேட்காத புதிய இதழ்களைத் தொடங்குவது மற்றது. அந்த இதழ்களுக்குப் பணம் எங்கிருந்து வரலாம் என்று அறிக்கை ஒரு பட்டியல் போடுகிறது. அரசு, அறக்கட்டளை, பல்கலைக்கழகம், நன்கொடையாளர் எல்லாரையும் சொல்லிவிட்டு, ஆய்வாளர்களின் சொந்தப் பங்களிப்பைக் கடைசியில்தான் வைக்கிறது. கடைசியில் இருந்தது முன்னால் வந்துவிட்டது. பயோமெட் சென்ட்ரல் கட்டுரைக் கட்டணத்தை வழக்கமாக்கியது. 2003இல் தொடங்கிய ‘பிளாஸ் பயாலஜி’ 1,500 டாலர் கேட்டது. 2006இல் வந்த ‘பிளாஸ் ஒன்’ 1,250 டாலர். அப்போது சொல்லப்பட்ட நியாயம் கேட்க நன்றாகவே இருந்தது. சந்தா முறையில் இதழைத் தேர்ந்தெடுப்பவர் ஆய்வாளர், விலை கொடுப்பவர் நூலகர். அதனால் விலைக்குக் கடிவாளமில்லை. எழுதுகிறவரே விலை கொடுத்தால் இதழ்களை ஒப்பிட்டுப் பார்ப்பார், போட்டி வரும், விலை இறங்கும்.

இறங்கவில்லை. பயோமெட் சென்ட்ரல் உள்ளிட்ட சில பதிப்பகங்களின் விலையேற்றத்தை ஆராய்ந்து 2019இல் ஷான் கூ எழுதிய கட்டுரை, கட்டணம் கூடியபோதும் இதழ்களுக்கு வரும் கட்டுரைகள் குறையவில்லை என்று காட்டியது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்ற சந்தைப் பாடம் இங்கே பலிக்கவில்லை. இதற்கான காரணம் அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. கட்டணம் வாங்கும் 69 இதழ்களில் எழுதிய 429 கட்டுரையாசிரியர்களிடம் டேவிட் சாலமனும் போ கிறிஸ்டர் பியோர்க்கும் கருத்துக் கேட்டார்கள். இதழைத் தேர்ந்தெடுக்கும்போது எது முக்கியம் என்றதற்கு, தன் ஆய்வுக்குப் பொருத்தம், இதழின் தரம், வெளியாகும் வேகம் என்ற மூன்றுமே முன்னால் நின்றன. திறந்த அணுக்கம் அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. நிதி தாராளமாகப் புழங்கும் துறைகளின் இதழ்களும், மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ‘தாக்கக் காரணி’ உள்ள இதழ்களும் அதிகக் கட்டணம் வாங்கியதையும் அவர்கள் குறித்தார்கள். அதாவது செலவு என்ன ஆகிறது என்று பார்த்து விலை வைக்கவில்லை. எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்தார்கள்.

மருந்துச் சீட்டு எழுதுகிறவர் மருத்துவர், பில் கட்டுவது காப்பீட்டு நிறுவனம் என்றிருந்தால் மருந்தின் விலையை யார் கேட்பார்? பணக்கார நாடுகளின் ஆய்வகங்களில் நடப்பது ஏறத்தாழ அதுதான். கட்டணம் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தோ பல்கலைக்கழகத்தின் மையக் கணக்கிலிருந்தோ போகிறது. இதழின் பெயர் மட்டும் ஆய்வாளரின் வாழ்க்கைக் குறிப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது. பெயருக்காக அடுத்தவர் பணம் எவ்வளவும் போகலாம். 2020 நவம்பரில் ‘நேச்சர்’ தன் திறந்த அணுக்கக் கட்டணம் 9,500 யூரோ என்று அறிவித்தபோது உலகமே அதிர்ந்தது போல் பேசியது. பேசியவர்களில் எத்தனை பேர் ‘நேச்சர்’ ஏற்றுக்கொண்ட கட்டுரையை வேண்டாம் என்று திருப்பி வாங்கியிருப்பார்கள்? ஒரு கட்டுரையை மதிப்பாய்வு நடத்தி, செப்பனிட்டு, இணையத்தில் ஏற்ற ஆகும் செலவைக் கிராஸ்மனும் பிரெம்ப்ஸும் 2021இல் கணக்கிட்டார்கள். 200 டாலருக்குள் தொடங்கி 1,000 டாலர் வரை, வழக்கமான இதழுக்கு 400 டாலர் அளவில் என்றார்கள். மீதி பெயருக்கான வாடகை. ஸ்டெஃபனி ஹவுஸ்டைன் குழுவின் மதிப்பீட்டில், ஆறு பதிப்பகங்களுக்கு உலக ஆய்வுலகம் 2019இல் கட்டிய கட்டணம் 91 கோடி டாலர். 2023இல் அது 253 கோடி டாலரைத் தாண்டியது.

ஆய்வாளர்களுக்குத் திறந்த அணுக்கத்தில் நம்பிக்கையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சோப் திட்டம் ஏறத்தாழ 40,000 ஆய்வாளர்களிடம் கேட்டு 2011இல் முடிவு வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் திறந்த அணுக்க இதழ்கள் தம் துறைக்கு நல்லது என்றார்கள். அப்படியானால் ஏன் அதில் எழுதவில்லை என்ற கேள்விக்கு 39 சதவீதம் பேர் பணத்தைச் சொன்னார்கள், 30 சதவீதம் பேர் இதழ்களின் தரத்தை. கொள்கையில் ஒப்புதல், கையில் தயக்கம்.

இந்தத் தயக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை ஆராய்ந்து ஒலெய்னிசாக், வில்சன் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டணம் கட்டித் திறந்த அணுக்கத்தில் எழுதுகிறவர் பெரும்பாலும் ஆண், பணியில் மூத்தவர், பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இருப்பவர், அரசு நிதி பெற்றவர், அறிவியல் அல்லது பொறியியல் துறைக்காரர். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த நிலை என்றால் நாடுகளுக்கு இடையில் எப்படி இருக்கும்? எல்செவியர் பதிப்பகம் சில சந்தா இதழ்களுக்கு அதே ஆசிரியர் குழுவோடு ‘கண்ணாடி இதழ்கள்’ தொடங்கியது. மூல இதழ் சந்தாவில் ஓடும். கண்ணாடி இதழ் திறந்த அணுக்கம், கட்டணம் உண்டு. ஆய்வு செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. புளோரிடா பல்கலைக்கழகத்தார் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்ததில், கண்ணாடி இதழில் எழுதியவர்கள் குறைவான நாடுகளிலிருந்து, பெரும்பாலும் பணக்கார நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். கட்டண விலக்குக்குத் தகுதியுள்ள ஏழை நாடுகளிலிருந்துகூட அநேகமாக ஆள் வரவில்லை. விலக்கு உண்டு என்று விதியில் எழுதியிருப்பது வேறு, ‘எங்களால் கட்ட முடியாது’ என்று விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பது வேறு.

இந்தியாவுக்கு அந்த விண்ணப்ப வாசலும் இல்லை. ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ மலிவாகவோ தரும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் பட்டியலை வைத்துத்தான் பல பதிப்பகங்கள் விலக்குத் தருகின்றன. இந்தியாவின் மொத்தப் பொருளாதாரம் பெரிது என்பதால் அந்தப் பட்டியலில் நாம் சேர்வதில்லை. நாடு பெரிதாக இருக்கலாம். ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். 2,500 டாலர் கட்டணம் என்றால் ஐந்து மாத உதவித்தொகைக்கு மேல். எனவே இங்கே நடக்கிற தேர்வு பெரும்பாலும் கலப்பு இதழ்களில் நடக்கிறது. கலப்பு இதழ் என்றால் சந்தாவும் உண்டு, பணம் கட்டினால் தனிக் கட்டுரையைத் திறந்துவிடும் வசதியும் உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ மதிப்பாய்வில் இழுபட்டுக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஒரு படிவம் வருகிறது. ஒரு கட்டத்தில் 3,000 டாலரை ஒட்டிய தொகை, மறு கட்டத்தில் பூஜ்யம். கட்டுரை எப்படியும் அதே இதழில்தான் வரும், அதே தாக்கக் காரணிதான். மாணவர் கைடைக் கேட்கவும் வேண்டாம், பூஜ்யத்தில் டிக் செய்துவிடுவார். இதைக் கொள்கைப் பிடிப்பு இல்லாமை என்று குறை சொல்கிறவர்கள் அந்த 3,000 டாலரைத் தங்கள் கணக்கிலிருந்து அனுப்பிப் பார்க்கலாம்.

முத்து மாதன், சுப்பையா அருணாசலம் முதலியோர் 2017இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்திய ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வை வெளியிடப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்பது அதன் கேள்வி. இந்தியா ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் அளவில் கட்டணமாகச் செலவிடக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த அருணாசலம் இதை அன்றுதான் பேசத் தொடங்கியவர் அல்ல. 2004 மே மாதமே தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், களஞ்சியங்கள் அமைப்பது எப்படி என்று பயிற்சிப் பட்டறைகள் நடத்தியவர். அவர் தொடர்ந்து வற்புறுத்தியது பணம் கட்டும் வழியை அல்ல. கட்டுரையின் ஏற்கப்பட்ட வடிவத்தை நிறுவனக் களஞ்சியத்தில் போடும் பசுமை வழியை. அதற்கு அடித்தளமும் இங்கே இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே களஞ்சியம் தொடங்கிவிட்டது. ஆர்க்கைவின் இந்தியப் பிரதித் தளம் அதே தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தது.

விலை ஏணியின் கீழ்ப்படியிலும் ஒரு சந்தை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஷென்னும் பியோர்க்கும் 2015இல் காட்டிய கணக்குப்படி, முறையான மதிப்பாய்வின்றிக் காசுக்கு வெளியிடும் போலி இதழ்களில் வந்த கட்டுரைகள் 2010இல் 53,000, 2014இல் 4,20,000. சராசரிக் கட்டணம் 178 டாலர். எழுதியவர்களில் பெரும் பங்கினர் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டவர். அதில் இந்தியர்கள் முன்வரிசை. இங்கே கட்டணம் தேர்வை நேராகவே பாதிக்கிறது: 2,500 டாலர் முடியாது, 178 டாலர் முடியும். யுஜிசி 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் கேர் பட்டியல் வந்தது, அதுவும் 2025இல் கைவிடப்பட்டது. பட்டியலைத் திருத்தித் திருத்தி யாரும் பசியைத் தீர்த்ததில்லை. பொறியியல் கல்லூரி ஆசிரியருக்கு ‘வருஷத்துக்கு ரெண்டு ஸ்கோபஸ் பேப்பர்’ (ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் ஏறிய இதழில் கட்டுரை) என்று இலக்கு வைத்தால், ‘ஸ்கோபஸ் பேப்பர், நிச்சயம் வெளியாகும்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரத்தான் செய்யும்.

பெரிய பெயர்களும் இந்தச் சேற்றில் கால் வைத்தன. வைலி பதிப்பகம் 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து ஹிந்தாவியை வாங்கியது. சிறப்பிதழ்கள் என்ற வாசல் வழியாக, போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகள் உள்ளே புகுந்திருந்தது பிறகு தெரிந்தது. 2023இல் மட்டும் 8,000க்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது. ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வருமானம், மறுக்கும் ஒவ்வொன்றும் நட்டம் என்றிருக்கும் தொழிலில் இது விபத்து என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஐரோப்பா வேறு வழி பார்த்தது. 2018 செப்டம்பரில் பிளான் எஸ் அறிவிக்கப்பட்டது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு 2020 முதல் (பிறகு இது 2021 என்று தள்ளிப்போனது) உடனடியாக எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் இது மொத்த ஒப்பந்தங்களாகப் போய் முடிந்தது. ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு 2019இல் வைலியோடு போட்டதில் கட்டுரைக்கு 2,750 யூரோ. படிக்கவும் வெளியிடவும் சேர்த்து நாடே கட்டிவிடும். ஜெர்மன் ஆய்வாளர் விலைச்சீட்டைக் கண்ணால் காண்பதில்லை. திறந்த அணுக்கம் கூடியது உண்மை. ஆனால் அவருடைய தேர்வில் விலை நுழைய இருந்த கடைசிச் சந்தும் அடைபட்டது. இந்தியா பிளான் எஸ்ஸில் சேரும் என்று அரசின் அப்போதைய முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன் 2019 தொடக்கத்தில் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சேராது என்றார்.

கட்டணத்துக்கு எதிராக எழுந்த கலகங்கள், இதழை நடத்துகிறவர்கள் எழுந்தபோது பலித்திருக்கின்றன. ‘நியூரோஇமேஜ்’ இதழின் கட்டணம் 3,450 டாலராக இருந்தது. குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்து, எல்செவியர் மறுத்ததும், 2023 ஏப்ரலில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் மொத்தமாக விலகி ‘இமேஜிங் நியூரோசயன்ஸ்’ தொடங்கினார்கள். அங்கே கட்டணம் 1,600 டாலராக வைக்கப்பட்டது. மொழியியலில் 2015இலேயே ‘லிங்குவா’ இதழிலிருந்து விலகியவர்கள் ‘குளோசா’வை உருவாக்கினார்கள். இதழின் மதிப்பு ஆசிரியர் குழுவோடு நடந்துபோகக் கூடியது என்பதற்கு இவை சான்று. தனி ஆய்வாளருக்கு இந்த வலிமை கிடையாது.

பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய சைலோ, மெக்சிகோவின் ரெடாலிக் ஆகிய திறந்த இதழ்த் தளங்கள் இந்த விவாதத்தை வேறு கோணத்தில் பார்க்க வைக்கின்றன. லத்தீன் அமெரிக்காவில் இதழை நடத்துவது பெரும்பாலும் பல்கலைக்கழகம். அங்கே கட்டணம் என்பதே அயல் வழக்கம். இரு பக்கமும் பணம் கேட்காத இத்தகைய ‘வைர’ இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் உலகக் கட்டுரைகளில் அவை சுமப்பது 8, 9 சதவீதம்தான். ‘கரண்ட் சயன்ஸ்’ போன்று நம்மிடமும் அப்படிப்பட்ட இதழ்கள் உண்டு. கட்டணம் ஒன்றே தடை என்றால் இந்திய ஆய்வாளர்கள் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறையில் ஆசிரியர்களின் ஆய்வுக்கு மதிப்பெண் போடும் அட்டவணையைப் பாருங்கள். தாக்கக் காரணி இல்லாத இதழில் எழுதினால் 5. ஒன்றுக்குக் கீழே என்றால் 10. இரண்டு முதல் ஐந்து வரை 20. பத்துக்கு மேல் 30. விலைப்பட்டியல் போடுவது பதிப்பகம்தான். அந்த விலை விற்கும்படி பார்த்துக்கொள்வது இந்த அட்டவணை.

இப்போது, ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு ‘நேச்சர்’ திறப்பது சின்ன விஷயமில்லை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இதோடு, தேர்ந்தெடுத்த திறந்த அணுக்க இதழ்களில் எழுதுவோருக்குக் கட்டணம் கட்ட ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டுரைக்கு இரண்டரை லட்சம் என்று வைத்தால் 6,000 கட்டுரைகளுக்கு அது போதும். இந்தியா ஆண்டுக்கு வெளியிடுவது இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த 6,000 பேர் எந்த நிறுவனங்களில் இருப்பார்கள் என்று ஊகிக்க, மேலே சொன்ன ஒலெய்னிசாக், வில்சன் இருவரின் அமெரிக்க ஆய்வை இன்னொரு முறை படித்தால் போதும்.

தேர்வைப் பொறுத்தவரை இந்தத் திட்டத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. என் கட்டுரையைச் சந்தாச் சுவருக்குள் வைத்தாலும் நாட்டிலுள்ள சக ஆய்வாளர்கள் படித்துவிடுவார்கள் என்ற நிலை வந்துவிட்டால், படிவத்தில் பூஜ்யக் கட்டத்தில் டிக் செய்வதற்கு இருந்த சிறு உறுத்தலும் போய்விடும். சுவருக்கு வெளியே நிற்பவர்கள் தனியார் கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், வட்டார வேளாண் அலுவலர், யாழ்ப்பாணத்திலோ நைரோபியிலோ அதே பயிர்நோயை ஆராய்பவர். இவர்களுக்கு வழிவிட 3,000 டாலர் தேவையில்லை. தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் இட வேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்துவிட்டன. பல பதிப்பகங்கள், சில மாதக் காத்திருப்புக்குப் பிறகு, ஏற்கப்பட்ட வடிவத்தை இட அனுமதிக்கின்றன. ஒரு கோப்பை ஏற்ற ஆகும் நேரம் ஒரு காபி குடிக்கும் நேரத்துக்கு மேல் போகாது. ஆனால் பதவி உயர்வுக்கான அந்த மதிப்பெண் அட்டவணையில் அதற்கு ஒரு வரி கிடையாது.